ஆயா வேண்டும்!

பேட்டிக்கு வருகிறவரிடம் என்ன கேட்பது? அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

காலை மணி பத்து. மயிலாப்பூரில் ஒரு வீடு. கூடத்தில் மின்விசிறி சுழல்கிறது. தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை தூங்குகிறது. குழந்தையின் தாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் பத்தே நாளில் அவர் ஆபீசுக்குத் திரும்பவேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டைக் கவனிக்கவும் ஆள் தேவை. வாட்ச்மேனிடம் சொல்லி, காய்கறிக்கார அம்மாளிடம் சொல்லி, ஏஜென்சிக்கும் சொல்லியாகிவிட்டது. இன்று மூன்று பேர் வரப்போகிறார்கள்.

இப்படி ஒரு வீட்டை மனக்கண்ணில் காண்பது வாசகர்களுக்குச் சிரமமாக இராது. சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரிலும் இந்தக் காட்சி உண்டு. 2017-ம் ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தத்திலிருந்து, அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கிறது. அந்த 26 வாரம் முடியும் தறுவாயில்தான் இந்தப் பேட்டி ஆரம்பமாகிறது.

பத்துப் புடவையைப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுக்கத் தெரிந்தவர்களுக்குக்கூட இந்தக் காரியத்தில் மனம் தடுமாறுகிறது. ஏன்? இங்கே தேர்ந்தெடுப்பது பொருளை அல்ல. பெற்ற பிள்ளையை ஒப்படைக்கப்போகும் கையை!

எல்லோரும் 'சரி' என்பார்கள்

"குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா?"

பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்வி இதுதான். இதைவிடப் பயனற்ற கேள்வி வேறு கிடையாது. வேலை தேடி வந்தவர் எவரும் "மாட்டேன்" என்று சொல்லமாட்டார். "பொறுமை உண்டா?" என்றால் "உண்டு" என்பார். "சுத்தமாக இருப்பீர்களா?" என்றால் "இருப்பேன்" என்பார். பேட்டி முடிந்துவிடும். வந்தவரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆகையால், 'ஆம், இல்லை' என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேட்கவேண்டும். நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தைச் சொல்லி, "அப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்கவேண்டும். மயிலாப்பூர் வீட்டுத் தாய் அப்படித்தான் செய்தார். மூவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"குளிக்கிற அறையில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கிறது. குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது. வாசல் மணி அடிக்கிறது. என்ன செய்வீர்கள்?"

முதலில் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். எடுப்பான தோற்றம், கணீரென்ற குரல். "நான் பத்துப் பிள்ளைங்களை வளர்த்தவம்மா. நான் இருக்கிற வீட்டுல பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். கேட்க இதமான பேச்சுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு இது பதில் அல்ல!

இரண்டாவதாக ஏஜென்சிக்காரர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். "ஓடிப்போய்க் கதவைத் திறப்பேங்க" என்றாள் அவள். வாசலுக்கு ஓடினாள், குழந்தையை மறந்துவிட்டாள்.

மூன்றாமவர் முப்பது வயதைத் தாண்டியவர். கொஞ்சம் யோசித்தார். "பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டுத்தாம்மா போவேன். தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுல வாளியில தண்ணி ரொப்பி வைக்கலாமா? முதல்ல அதைக் கவுத்துடுவேன்" என்றார்.

இந்தப் பதிலில் அனுபவம் இருக்கிறது. சிறு குழந்தைக்கு உடம்பின் அளவைப் பார்க்கும்போது தலை கனம். வாளியை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே உயிரைக் குடித்துவிடும்.

கோபம் வருமா?

மற்றொரு கேள்வியும் அவசியம். "குழந்தை ஒரு மணி நேரமாக அழுகையை நிறுத்தவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"எனக்குக் கோபமே வராது" என்பவரைவிட, "எரிச்சலாத்தான் இருக்கும். பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, உங்களுக்குப் போன் பண்ணுவேன்" என்பவர் நம்பத் தகுந்தவர். அழும் குழந்தையை ஆத்திரத்தில் பிடித்து உலுக்குவது ஆபத்து. மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். தம் எரிச்சலைத் தாமே அறிந்தவர் அந்த அளவுக்குப் போகமாட்டார்.

ஜுரம் கண்டால் முதலில் யாருக்குச் சொல்வது, புட்டியில் மிஞ்சிய பாலை என்ன செய்வது, டாக்டர் சொல்லாத மருந்தைத் தூங்குவதற்காகக் கொடுக்கலாமா, 108-ஐக் கூப்பிட்டால் வீட்டு விலாசம் சொல்லத் தெரியுமா என்றெல்லாமும் கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் குற்றமில்லை. சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வாரா என்பதுதான் முக்கியம்.

விசாரிக்கும் முறை

முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு ஒரு போன் செய்வது பத்து நற்சாட்சிப் பத்திரங்களுக்குச் சமம். ஆனால் "அந்த அம்மாள் நல்லவரா?" என்று கேட்கக்கூடாது. "எத்தனை மாதம் இருந்தார்? ஏன் நின்றார்? மீண்டும் வருவதாகச் சொன்னால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் தயக்கம் தெரிந்தால், அந்தத் தயக்கமே பதில்.

அடையாள அட்டையின் நகல், வீட்டு விலாசம், அவசரத்துக்குக் கூப்பிட ஓர் உறவினரின் எண் ஆகியவற்றை வாங்கிக்கொள்வது நியாயமே. அசல் அட்டையை வாங்கிப் பூட்டி வைப்பது நியாயமல்ல. வீட்டு வேலைக்கு வருவோரின் விவரத்தைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. "உங்கள்மேல் சந்தேகம் இல்லை, எல்லோருக்கும் செய்கிற முறைதான்" என்றால் எவரும் மனம் கோணமாட்டார்.

ஜாதியைக் கேட்பதும், தனி டம்ளரை எடுத்து வைப்பதும் எந்த முறையிலும் சேராது. குழந்தைக்குச் சோறு ஊட்டும் கை, அதே வீட்டு டம்ளரைத் தொடக்கூடாது என்பதில் என்ன அர்த்தம் இருக்கமுடியும்?

முகம் சொன்ன வயது

இரண்டாவதாக வந்த பெண்ணின் கதை வேறு. "வயது பதினெட்டு" என்றார் ஏஜென்சிக்காரர். முகம் பதின்மூன்று என்றது. "எந்த வகுப்பு வரைக்கும் படிச்சேம்மா?" என்று தாய் கேட்டார். பெண் ஏஜென்சிக்காரர் முகத்தைப் பார்த்தாள். பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்டபோது, அவர் மறுநாள் கொண்டுவருவதாகச் சொன்னார்.

14 வயது நிரம்பாத குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-ம் ஆண்டு அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016-ல் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. "நாங்கள் நன்றாகத்தானே வைத்துக்கொள்வோம்?" என்ற சமாதானம் சட்டத்தின் முன் நிற்காது. இத்தகைய சந்தர்ப்பத்தில் "வேண்டாம்" என்று அனுப்பிவிட்டால் அந்தப் பெண் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். ஆகவே, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லவேண்டும். மயிலாப்பூர்த் தாய் அதைத்தான் செய்தார்.

இரண்டு வேலை, ஒரே ஆள்!

பல வீடுகளில் மனஸ்தாபம் வருவது இந்த இடத்தில்தான். "குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும்" என்று ஆரம்பிக்கிறது. இரண்டாம் நாள், "குழந்தை தூங்கும்போது பாத்திரம் தேய்த்துவிடுங்களேன்" என்கிறார்கள். ஒரு வாரத்தில் பெருக்கித் துடைப்பதும், துணி மடிப்பதும், காய் நறுக்குவதும் சேர்ந்துவிடுகின்றன. சம்பளம் மட்டும் முதல் நாள் பேசியதுதான்!

குழந்தை பார்ப்பது ஒரு வேலை. மேல்வேலை வேறு வேலை. அடுப்படியில் கையும் தொட்டிலில் கண்ணுமாக இருந்தால் இரண்டும் கெடும். இரண்டையும் ஒருவரே செய்யவேண்டுமானால் எவை எவை என்று பேட்டியிலேயே சொல்லி, அதற்குத் தக்க சம்பளத்தையும் சொல்லிவிடவேண்டும். வேலை நேரம், சம்பளத் தேதி, வார விடுமுறை, நோய்வாய்ப்பட்டால் விடுப்பு, தீபாவளி போனஸ், நேரம் கடந்தால் கூடுதல் பணம், நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

லண்டனில் கைவிடப்பட்டவர்கள்

எழுத்தில் இல்லாத பேச்சு என்ன செய்யும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 'ஆயா' என்பது போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த சொல். வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன குடும்பங்கள், கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை உடன் அழைத்துச் சென்றன. கரை சேர்ந்ததும், திரும்பி வரும் செலவுக்குக்கூடப் பணம் தராமல் பலரைக் கைவிட்டார்கள். மொழி தெரியாத குளிர் நாட்டில் அவர்கள் திகைத்து நின்றார்கள். அத்தகையவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' ஒன்று நடந்தது. 1900-ம் ஆண்டு அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. அங்கே அது இருந்த கட்டடத்தில் 2022-ல் நினைவுப் பலகை பதித்தார்கள்.

கடல் தாண்டிப் பிள்ளை வளர்த்தவர்களில் மிகப் பலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இவர்களுக்கு நேர்ந்தது மறுபடி எந்த வீட்டிலும் நேரக்கூடாது.

மூன்றாமவர் கேட்ட கேள்வி

பேட்டி முடிந்தது. "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா, அக்கா?" என்றார் மயிலாப்பூர்த் தாய். இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை.

மூன்றாமவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "நான் கண்ணகி நகர்லேருந்து வர்றேம்மா. பஸ்ஸுக்குக் காசு இல்லைதான். ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. எனக்கு ஒரு பொண்ணு, மூணாவது படிக்குது. பள்ளிக்கூடம் விட்டா அது தனியா இருக்கும். சாயந்திரம் எத்தனை மணிக்கும்மா நான் கிளம்பலாம்?"

நகரின் நடுவே குடிசைகளில் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். வீடு அங்கே, வேலையோ பழையபடி நகருக்குள்ளே. சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியதால் செலவு குறைந்தது. தூரம் குறையவில்லை.

தாய் சற்று நேரம் பேசவில்லை. தம் குழந்தையை யார் பார்ப்பது என்ற கவலையில் ஒரு மாதமாகத் தூக்கமில்லை அவருக்கு. எதிரே இருப்பவருக்கும் அதே கவலை! ஆபீசுக்குப் போகிறவருக்கு 26 வாரச் சட்டம் இருக்கிறது. அவர் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவருக்கு அப்படி ஒரு சம்பள விடுப்பு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 2007-ல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து போன்றவற்றுக்கு உதவி உண்டு. வேலை செய்யும் வீட்டில் பாலியல் தொல்லை நேர்ந்தால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டுமா என்பதை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

வேலை கொடுப்பவர் இவற்றை அறிந்திருந்து, நலவாரியப் பதிவுக்கு உதவினால் அதைவிடப் பெரிய தீபாவளி போனஸ் இல்லை.

ஒத்திகை

அன்று மாலை கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினார்கள். ஆள் தேடுவது மனைவியின் வேலை என்று அதுவரை சும்மா இருந்த கணவர், தம் ஆபீசில் கேட்டுக் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். மூன்று மணிக்குள் அவர் வீடு திரும்பிவிடுவார். ஆயாவுக்கு வேலை காலை எட்டு முதல் மாலை மூன்றரை வரை என்று முடிவாயிற்று. ஞாயிறு விடுமுறை.

தாய் விடுப்பில் இருக்கும்போதே ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. அந்த வாரத்துக்கும் முழுச் சம்பளம் உண்டு. முதல் நாள் குழந்தை புது முகம் கண்டு வீறிட்டது. மூன்றாம் நாள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. ஐந்தாம் நாள் மடியிலேயே தூங்கிவிட்டது. குளிக்கிற அறையில் வாளி கவிழ்ந்தே இருந்தது.

பதினோராம் நாள் தாய் ஆபீசுக்குப் போனார். மாலை மூன்றரைக்குக் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். ஆயா செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக இறங்கினார். சீக்கிரம் பஸ் கிடைத்தால், ஐந்து மணிக்குள் அவரும் தம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிடலாம்.