கூட்டம் வேறு, வருமானம் வேறு

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் வைபவம் நடந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் பெருமாளைச் சேவிக்க ஏறத்தாழ ஒரு கோடி பேர் வந்தார்கள். இன்று கூட்டம் எப்படி, சயனக் கோலம் என்றைக்கு முடிகிறது, எந்தக் கோபுரத்தின் வழியாக உள்ளே விடுகிறார்கள் என்று கைப்பேசியில் தேடிவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். இத்தனை பேர் எட்டிப் பார்த்த இணையதளங்களுக்குப் பணம் கொட்டியிருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் விளம்பர வருமானம் தலைகளை மட்டும் எண்ணி வருவதில்லை. வந்தவர் எதற்காக வந்தார், எவ்வளவு நேரம் நின்றார், எதை நம்பினார் என்பவையே அதன் அளவைத் தீர்மானிக்கின்றன.

சிறிய தளங்கள் பெரும்பாலும் கூகுளின் ஆட்சென்ஸ் போன்ற விளம்பரச் சேவைகளை நம்பியிருக்கின்றன. ஆட்சென்ஸ் 2003-இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு 2018-இல்தான் வந்தது. நாம் ஒரு பக்கத்தைத் திறந்ததும், அதிலுள்ள காலியிடத்துக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் விளம்பரதாரர்களிடையே ஏலம் நடந்து முடிகிறது. முன்பெல்லாம் விளம்பரத்தை யாராவது சொடுக்கினால்தான் பெரும்பாலும் காசு. 2024 தொடக்கத்திலிருந்து, எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கில் ஆட்சென்ஸ் பணம் தருகிறது. அப்படியானால் கூட்டம்தானே முக்கியம் என்று கேட்கலாம். ஆனால் பலருடைய கைப்பேசியில் விளம்பரம் இறங்கியது என்பதற்காக அதைப் பார்த்தார்கள் என்று ஆகிவிடாது. விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது ஒரு நொடியாவது திரையில் தெரிந்தால்தான் அது பார்க்கத்தக்கது என்பது இத்துறை பின்பற்றும் அளவுகோல். நடை திறக்கும் நேரத்தை முதல் வரியிலேயே படித்துவிட்டுப் போகிறவர் கீழேயுள்ள விளம்பரங்களை எட்டுவதே இல்லை. எட்டாத இடத்துக்கு விளம்பரதாரர் நல்ல விலை கேட்கமாட்டார்.

நடை திறக்கும் நேரத்தைச் சொல்லும் அதே தளத்தில் காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து எப்படிக் கோக்கிறார்கள், சரிகையில் வெள்ளி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு எதற்குப் பாதுகாப்பு என்றெல்லாம் அது சொல்கிறது. தை முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்கப்போகும் குடும்பம் அதைக் கடைசி வரி வரை படிக்கும். அந்தப் பக்கத்துக்குப் பட்டுக்கடை, நகைக்கடை, கல்யாண மண்டபம் எல்லாம் போட்டியிடும். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடையை எட்டிப் பார்த்துவிட்டு நடப்பவருக்கும், உள்ளே உட்கார்ந்து புடவையை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம் இது. இதற்காக வாசகரை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து வேவு பார்க்கத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டைப் பற்றிய பக்கத்தைப் பொறுமையாகப் படிப்பதே அவர் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

இது புரியாத தள உரிமையாளர்கள் குறுக்குவழி தேடுகிறார்கள். பத்திக்குப் பத்தி விளம்பரம், விரல் படும் இடத்தில் வந்து குதிக்கும் பெட்டி, மூடும் குறியைக் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பது எல்லாம் இதில் அடக்கம். காட்சியும் சொடுக்கும் கூடுமே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் தவறுதலாக விழுந்த சொடுக்குகள் கண்டறியப்பட்டால் அவற்றுக்கான தொகை வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது. நண்பர்களை அழைத்துச் சொடுக்கச் சொன்னால் கணக்கே முடக்கப்படலாம். தொல்லை தரும் விளம்பரங்களைத் தொடர்ந்து காட்டும் தளங்களில் குரோம் உலாவி 2018 பிப்ரவரி முதல் விளம்பரங்களையே தடுக்கிறது. கைப்பேசிப் பக்கத்தின் உயரத்தில் முப்பது சதவீதத்துக்கு மேல் விளம்பரம் நிறைவதும் அந்தத் தொல்லைப் பட்டியலில் உண்டு. இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு வேறு: எரிச்சலில் விளம்பரத் தடுப்பானை நிறுவிக்கொண்ட வாசகர், ஒழுங்காக நடக்கும் தளத்திலும் அதே தடுப்பானோடுதான் நுழைகிறார்.

பெரிய செய்தி நிறுவனங்கள் கூட்டத்தை வைத்தே பிழைக்கவில்லையா என்ற கேள்வி நியாயமானது. பிழைக்கின்றன. தினந்தோறும் புதிய செய்தி தர ஆட்கள் இருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும். ஒரே ஊரைப் பற்றி எழுதும் சிறு தளத்துக்கு, நாற்பத்தெட்டு நாள் கூட்டம் கலைந்த பிறகு மிஞ்சுவது நிதானமாகப் படிக்க வருகிறவர்கள்தான். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வாங்க வருகிறவருக்குத்தான் விலை என்றால், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளியின் கூலியைப் பற்றி யார் எழுதுவார்கள்? அதைப் படிப்பவர் எதையும் வாங்க வரவில்லையே. இதற்கு ஏலத்திடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். கைத்தறியின் அருமையை விளக்கும் பக்கத்திலேயே விசைத்தறிப் புடவை விளம்பரம் வந்து உட்காரவும் வாய்ப்புண்டு. ஏலத்துக்குக் காசு தெரியும், தறி தெரியாது. ஆனால் தள உரிமையாளரின் கை கட்டப்பட்டிருக்கவில்லை. குறிப்பிட்ட விளம்பரதாரரின் முகவரியைத் தடுக்க ஆட்சென்ஸிலேயே வசதி இருக்கிறது. கோர்வைக் கட்டுரையின் ஓரத்தை ஏலத்துக்கு விடாமல், காஞ்சியின் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மாத வாடகையாக நேரே கொடுக்கலாம். முகூர்த்த மாதங்களில் அந்தப் பக்கத்தை எத்தனை பேர் கடைசி வரை படித்தார்கள் என்ற கணக்கைச் சங்கத்தின் முன்னால் வைத்து வாடகை பேசலாம். அந்தப் பணத்தில் கூலி பற்றிய கட்டுரைக்கும் இடம் கிடைக்கும்.