சந்தேகப்பட்டவர்தான் இமாம் ஆனார், தெரியுமா?

‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’ (இஸ்லாத்தின் ஆதாரம்) என்று முஸ்லிம் உலகம் போற்றும் இமாம் கஸ்ஸாலிக்கே ஒரு காலத்தில் எதையும் நம்ப முடியாமல் போயிற்று, தெரியுமா? கண்ணுக்கு நட்சத்திரம் ஒரு தங்கக்காசு அளவுதான் தெரிகிறது. கணக்குப் போட்டால் பூமியைவிடப் பெரிது! அப்படியானால் கண்ணை எப்படி நம்புவது? சரி, கண்ணைத் திருத்துகிற அறிவையாவது நம்பலாமா? விழிக்கும்வரை கனவும் நிஜம்தானே. அறிவின் பிழையைக் காட்ட இன்னொரு விழிப்பு இருந்துவிட்டால்? கிட்டத்தட்ட இரண்டு மாதம் இப்படித் தவித்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த் இதே தடத்தில் சந்தேகப்பட்டது ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகு!

இதோடு விட்டதா? 1095. பாக்தாத் நிஜாமிய்யா கல்லூரியில் அவர் பேராசிரியர். பாடம் நடத்த வாய் திறந்தால் பேச்சு எழவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. மனசில் இருக்கும் நோய் இது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். பதவியையும் புகழையும் உதறி, மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டமாஸ்கஸ் போனவர், சூஃபி வழியில்தான் தெளிந்தார். அந்தத் தவிப்பை ஒளிக்காமல் எழுதிய துணிச்சல் இருக்கிறதே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவருடைய ‘இஹ்யா’ இன்று முஸ்லிம் உலகில் பரவலாக மதிக்கப்படும் நூல். அதையே 1109-ல் ஸ்பெயினின் குர்துபாவில் தீயிட்டார்கள், தெரியுமா?

அதே குர்துபாவில் பின்னாளில் காஜியாக இருந்தவர் இப்னு ருஷ்த். தத்துவவாதிகள் 20 விஷயங்களில் தவறினார்கள் என்று கஸ்ஸாலி எழுதிய நூலுக்கு, பத்தி பத்தியாக மறுப்பு எழுதினார். தத்துவம் படிப்பதே மார்க்கக் கடமை என்று வாதாடினார். தத்துவம் தேர்ந்தவர்கள் வசனங்களுக்கு விளக்கம் சொல்லலாம் என்பதற்கு அவர் கைகாட்டிய ஆதாரத்தைக் கேளுங்கள். குர்ஆனின் 3-வது அத்தியாயம், 7-வது வசனம். பூடகமான வசனங்களின் விளக்கம் யாருக்குத் தெரியும் என்று பேசும் இடம். ‘அல்லாஹ்’ என்ற சொல்லோடு நிறுத்தி ஓதினால், அவனுக்கு மட்டுமே தெரியும். நிறுத்தாமல் ஓதினால், கல்வியில் ஆழ்ந்தவர்களுக்கும் தெரியும்! இரண்டு விதமாகவும் ஓதிய பழைய அறிஞர்கள் உண்டு. இப்னு ருஷ்த் நிறுத்தாமல் ஓதுகிறவர் பக்கம். வசனம் ஒன்றுதான், மூச்சு விடும் இடம் மாறினால் விளக்கம் சொல்லும் உரிமையே மாறிவிடுகிறது. 1195-ல் அவரை ஊரைவிட்டு வெளியேற்றி, அவர் தத்துவ நூல்களையும் எரித்தார்கள்.

பகுத்தறிவுப் பக்கமும் சாட்டையை எடுத்திருக்கிறது. குர்ஆன் படைக்கப்பட்டதே என்று பகுத்தறிவை முன்னிறுத்திய முஃதஸிலாக்கள் சொன்னதை கலீஃபா மஃமூன் 833-ல் அறிஞர்கள்மீது திணித்தார். ஒத்துக்கொள்ளாத இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் சிறையில் கிடந்தார். அடுத்த கலீஃபா காலத்தில் கசையடியும் பட்டார். எந்தக் கட்சியாக இருந்தால் என்ன, நம்பிக்கையை அடித்து வரவைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு பக்கம், சிரியாவின் மஅர்ரா ஊரைச் சேர்ந்த கண்தெரியாத கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரீ எல்லா மதங்களையும் கேள்வி கேட்டவர். இறைச்சி, பால், தேன் எதையும் தொடாதவர். எண்பது வயதைத் தாண்டி, 1057-ல் சொந்த ஊரில் இறந்தார். சிலையாக நின்றவரின் தலையை வெட்டியது 2013-ல்தான்!

கருத்து வேறுபாட்டுக்குக் கட்டடமே கட்டினார்கள், தெரியுமா? கெய்ரோவில் 1356-ல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹசன் பள்ளிவாசலில் ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி என நான்கு மத்ஹபுக்கும் (சட்ட வழிகளுக்கும்) தனித்தனிப் பாடசாலை. மக்காவில் கஅபாவைச் சுற்றியே நான்கு மத்ஹபு இமாம்களும் தனித்தனியே தொழவைத்தார்கள். சவூதி ஆட்சி வந்த பிறகுதான் ஒரே இமாம். இமாம் ஷாஃபியோ தம்மோடே வேறுபட்டவர். ஈராக்கில் சொன்ன சட்டங்கள் பலவற்றை எகிப்துக்கு வந்தபின் மாற்றிக்கொண்டார்.

நம் பக்கமும் இந்த வேறுபாடு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை மாதிரிக் கடலோர ஊர்களில் ஷாஃபி வழி பெரும்பான்மை. கடலில் மட்டுமே வாழும் உயிர்களைச் சாப்பிடப் பெரும்பாலும் தடையில்லை. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, கடலுயிர்களில் மீன் மட்டுமே கூடும். ஒரு பொருளின் நிழல் (நடுப்பகல் நிழலைக் கழித்து) அதன் உயரத்தை எட்டியதும் ஷாஃபிகளுக்கு அஸர் தொழுகை நேரம். ஹனஃபிகளுக்கு அதுபோல் இரண்டு மடங்கு வரவேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் எந்தக் கணக்கு? பெரியவர் யாரையாவது கேளுங்கள். ஏன் அப்படி என்றும் சேர்த்துக் கேளுங்கள்.