பதினெட்டு வயதில் வெளியேறுவோருக்கு வீடு எங்கே?

புதுதில்லி: பெங்களூர் பிரேசர் டவுனில் வாடகை வீடு தேடுபவர் முதலில் திரட்ட வேண்டியது முன்பணம். பல மாத வாடகையைச் சேர்த்துக் கேட்பது அந்நகரின் வழக்கம். பெற்றோர் இன்றிக் காப்பகத்தில் வளர்ந்து, 18 வயது நிறைந்ததும் வெளியேறும் இளைஞருக்கு அதைத் தரவும் ஆளில்லை. பிணை நிற்கவும் ஆளில்லை.

இத்தகையோருக்கு நிதியுதவி அளிக்க 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு வழிசெய்கிறது. 2016-இல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி 21 வயது வரையும், விதிவிலக்காக 23 வயது வரையும் உதவி தொடரலாம். ஆறு முதல் எட்டுப் பேர் தங்கும் தற்காலிகக் குழு இல்லம், தொழிற்பயிற்சி, உதவித்தொகை ஆகியவை இதில் அடங்கும். மணியடித்தால் சோறு என்று வளர்ந்தவர், வரவு செலவைத் தாமே பார்க்கப் பழகுவதற்கான அவகாசம் இது.

2022-இல் வெளியான வாத்சல்யா திட்ட வழிகாட்டுதல்கள், இந்த உதவியை மாதம் ரூ.4,000 என நிர்ணயித்தன. பெங்களூரில் வாடகைக்கும் உணவுக்கும் சேர்த்து இத்தொகை போதுமானதல்ல.

மேலும், நிதியுதவி "வழங்கப்படலாம்" என்றே சட்டம் கூறுகிறது. "வழங்கப்பட வேண்டும்" என்று கூறவில்லை. அந்தச் சொல் மாறாத வரை, இளைஞர்கள் இதை உரிமையாகக் கோர இயலாது. அரசின் விருப்பத்தையே நம்பியிருக்க வேண்டும்.