அணை காக்கும் பிள்ளையார். கண்மாய் காப்பது யார்?

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் செல்லும் வழியில், கொட்டகுடி ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை உண்டு. அணைப்பிள்ளையார் அணை என்பது அதன் பெயர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குரங்கணி மலையில் மழை கொட்டினால், இவ்வணையைத் தாண்டி வெள்ளம் அருவியாய் விழும். எச்செயலுக்கும் முதல்வனாகிய விநாயகப் பெருமானின் பெயரை, ஊருக்குள் ஆறு நுழையுமுன் உள்ள அணைக்குச் சூட்டினார்கள் நம் முன்னோர். நீரைத் தடுத்துப் பகிர்ந்தளிக்கும் பணியையும் அவர்கள் வழிபாடாகவே கருதினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மலை தாங்கும் மழை

தென் திருவண்ணாமலை எனப் போற்றப்படும் போடி பரமசிவன் மலைக்கோயிலில் ஏறி நின்று மேற்கே நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை மதிலாய் எழுந்து நிற்பதைக் காணலாம். அந்த மதிலுக்கு அப்பால் ஏலமலை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை அப்புறமே வாங்கிக்கொள்வதால், போடி மழைமறைவுப் பகுதியாயிற்று. வடகிழக்குப் பருவமழையே இவ்வூருக்குப் பெருந்துணை.

ஏலச்செடி நேரடி வெயில் தாங்காது. ஓங்கி வளர்ந்த மரங்களின் நிழலில்தான் தழைக்கும். அம்மரங்கள் உதிர்க்கும் சருகு மட்கி, மண்ணைப் பஞ்சுபோல் மெதுவாக்குகிறது. அது மழைநீரை உறிஞ்சி வைத்து, ஓடைகளில் சிறுகச் சிறுக விடுகிறது. நிழல்மரம் குறைந்தால் மழை அப்படியே சரிவில் பாயும். மண்ணும் உடன் வரும். போடிமெட்டுச் சாலையில் மழைக்காலந்தோறும் பாறைகள் உருண்டு போக்குவரத்து தடைப்படுவதை நாம் அறிவோம்.

மலை சீறினால் என்னாகும் என்பதை 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடி உணர்த்தியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் மீது மலை சரிந்து 70 பேரைப் பறிகொடுத்தோம். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர்.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது அறிவியல் கண்ட உண்மை. ஆகவே, ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாளிலேயே கொட்டிவிடுகிற காலம் இது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்ததையும், அடையாற்றங்கரை மூழ்கியதையும் மறக்க இயலுமா?

மறுகால் என்னும் மாண்பு

இத்தகைய மழைக்கு ஊர் எப்படி ஆயத்தமாவது? சீன அரசு 2015-இல் 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து, மழைநீரை உறிஞ்சித் தேக்கும் 'பஞ்சு நகரங்'களாக்கத் தொடங்கியது. தாழ்ந்த நிலங்களை நீருக்கே விட்டுவைத்தல், குளங்களை மீட்டல் ஆகியவையே அதன் சாரம்.

நமக்கு இது புதிதன்று. ஆற்றிலிருந்து வரத்துக்கால், கண்மாய்க்குக் கரை, பாசனத்துக்கு மடை, மிகுதியான நீர் வெளியேறக் கலுங்கு. மேற்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்நீர் கீழ்க்கண்மாய்க்கு வரத்தாகும். போடி வட்டாரத்தின் பங்காருசாமி கண்மாயும், மீனாட்சிபுரத்து மீனாட்சியம்மன் கண்மாயும் கொட்டகுடி ஆற்று நீரால் நிறைபவை. கண்மாய்க்கும் அன்னையின் திருப்பெயர்! வெள்ளத்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு, கோடைக்குக் கிணறுகளை ஊறவைக்கும் அமைப்பு இது. வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய் வறளும். வழியிழந்த வெள்ளமோ தெருவில் புகும்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரின் வரலாற்றை அறியாதவர் யார்? 1790-களில் லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேய ஆட்சியர், உடையும் நிலையிலிருந்த ஏரிக்கரையில் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டு, தாயார் சந்நிதித் திருப்பணி செய்தார் என்பது தலச் செய்தி. அவ்விரவில் இறைவன் கரையில் நின்றான். ஆனால் அக்கரையை உயர்த்தியதும் ஆண்டுதோறும் பேணியதும் மனிதக் கைகளே.

தெப்பத்துக்கு வந்த வைகை

திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், வைகையிலிருந்து கால்வாய் வழியே நீர்பெறும்படி அமைந்தது. கால்வாய் அடைபட்டபின் குளம் வறண்டு, சிறுவர் பந்தாடும் திடலாயிற்று. தைத் தெப்பத் திருவிழாவுக்கு மோட்டார் வைத்து நீர் நிரப்ப நேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழி சீரானதும், வைகை தானே குளத்துக்கு வரத் தொடங்கியது.

கொட்டகுடி ஆறும் தேனிப் பக்கம் சென்று வைகையோடு கலப்பதே. குரங்கணிச் சரிவில் விழுந்த ஒரு துளி, அணைப்பிள்ளையாரைத் தாண்டி, வைகை அணையில் தங்கி, மதுரையில் மீனாட்சி சுந்தரேசுவரரின் தெப்பத்தைத் தாங்கும் நீரில் சேரக்கூடும்! அத்துளி செல்லும் வழியெல்லாம் திருவீதி அன்றோ? அதில் குப்பை கொட்டலாமா, கட்டடம் எழுப்பலாமா?

மூத்தோர் கையில் உள்ளது

அன்பர்களே! எந்தத் தெருவின் அடியில் ஓடை ஓடியது, எந்தக் கலுங்கில் மீன் துள்ளியது, எந்த வரத்துக்கால் எந்தத் தோப்பைச் சுற்றி வந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். இன்று மனை வாங்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால், உங்களோடு அந்த வழியும் மறைந்துவிடும். அடுத்த மழை மட்டும் தன் பழைய வழியை மறவாது.

அடுத்த பிரதோஷத்துக்குக் கோயில் செல்லும்போது பேரனையோ பேத்தியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தரிசனம் முடிந்ததும் கண்மாய்க் கரைவரை நடந்து, நீர் வந்த வழியைக் காட்டுங்கள். அடைபட்ட இடத்தை நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதித் தெரிவியுங்கள். பூமாலையும் நெகிழிப் பையும் ஓடையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணையைப் பிள்ளையார் காப்பார்; அவருக்கு அடியவராகிய நாம் வாய்க்காலைக் காப்போம்.