வாசுதேவன் எந்தப் பிரிவு?

இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு உறவான இன்னொரு விளையாட்டு, பிடித்த கலைஞர்களைப் பிரிவு வாரியாகத் தேர்ந்தெடுப்பது. ஜொகூர் பயணத்தில் ஆயர் ஈத்தாமில் தேநீருக்கு வண்டியை நிறுத்தும் குடும்பங்கள் அங்கேயே தொடங்கிவிடலாம்.

நான்கு பேர் போதும். பாடகர், பாடகி, இசையமைப்பாளர், கவிஞர், மலேசியக் கலைஞர் என ஐந்து பிரிவுகள். முறை வைத்து ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். ஒருவர் எடுத்த பெயரை மற்றவர் எடுக்கக்கூடாது. முதல் சுற்றில் கடைசியாகச் சொன்னவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். அப்போதுதான் முந்திக்கொண்டவருக்கே எல்லாம் போய்ச் சேராது. முடிவில் 20 கலைஞர்கள் நான்கு அணிகளில் இருப்பார்கள்.

சுவையே பிரிவு பார்ப்பதில்தான் இருக்கிறது. 1944-இல் நம் மலேசியாவில் பிறந்து, 1977-இல் ‘16 வயதினிலே’ படத்தில் பாடிப் புகழ்பெற்ற மலேசியா வாசுதேவனைப் பாடகராக எடுப்பதா, மலேசியக் கலைஞராக எடுப்பதா? பாட்டெழுதி இசையும் அமைத்த கங்கை அமரனை எங்கே வைப்பது? அப்பா பழைய பாடகர் டி.எம்.எஸ்ஸை எடுத்தால், மகள் ராப் பாடகர் யோகி பி-யை எடுப்பாள்.

ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெயர் சொல்பவர் அந்தக் கலைஞரின் பாடல் ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரியவர்களின் பாட்டைப் பிள்ளைகளும், பிள்ளைகளின் பாட்டைப் பெரியவர்களும் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை.