வக்கீலாகப் பதிவு செய்ய ரூ.125 போதும்... ஆயிரக்கணக்கில் வாங்கியது எப்படி? உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையில் இருந்து பழங்குடி மாணவர் ஒருவர் சட்டம் படித்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் இருந்தால் மட்டும் கறுப்பு கோட் போட்டுவிட முடியாது. சென்னைக்கு வந்து, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கள்ளக்குறிச்சி கோர்ட்டோ, டெல்லி உச்ச நீதிமன்றமோ, எங்கே வாதாடவும் முதலில் தேவை இந்தப் பதிவுதான். அமெரிக்காவைப் போல ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு என்று தனி அனுமதி நடைமுறை இங்கே இல்லை.

கட்டணம் எவ்வளவு?

1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24(1)(எஃப்) பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. பொதுவாக ரூ.750, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ரூ.125. முத்திரைத் தீர்வை இருந்தால் அது தனி. அவ்வளவுதான். ஆனால் பல மாநில பார் கவுன்சில்கள் நூலகம், அடையாள அட்டை, நல நிதி என்று விதவிதமான தலைப்புகளில் ரூ.15,000 முதல் ரூ.42,000 வரை வசூலித்துவந்தன. இதை எதிர்த்து கவுரவ் குமார் என்பவர் உச்ச நீதிமன்றம் போனார்.

கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்த அதே 2024 ஜூலையில், 30-ம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாய்கூட பதிவுக்காக வாங்கக் கூடாது என்றது தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு. அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவு தரும் சமத்துவத்தையும், 19(1)(ஜி) தரும் தொழில் செய்யும் உரிமையையும் அது மீறுகிறது. ஏழைகளையும் ஒடுக்கப்பட்டவர்களையும் வாசலிலேயே நிறுத்துகிறது என்பது கோர்ட்டின் வாதம். ரூ.750-ல் எப்படி நிர்வாகம் நடத்துவது என்று பார் கவுன்சில்கள் கேட்டன. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பணத்தை, பதிவு செய்ய வரும் புதியவர்களிடம் நிபந்தனையாகப் பிடுங்கக் கூடாது என்றது கோர்ட்.

ஏற்கெனவே கட்டினவங்களுக்கு?

திரும்பக் கிடைக்காது. தீர்ப்பு இனிமேல் வருபவர்களுக்கு மட்டுமே.

சரி, எல்லோரும் நிறுத்திவிட்டார்களா? கர்நாடகாவில் 'விருப்பக் கட்டணம்' என்ற பெயரில் வசூல் நடப்பதாகப் புகார் போனது. பதிவு விஷயத்தில் விருப்பக் கட்டணம் என்று ஒன்றே கிடையாது, நிறுத்துங்கள் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

பதிவோடு முடிகிறதா?

இல்லை. அகில இந்திய பார் தேர்விலும் பாஸ் ஆக வேண்டும். இந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. 2024-ல் நடந்த 19-வது தேர்வுக்கு எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கான கட்டணம் ரூ.2,500. அதாவது, பதிவுக் கட்டணத்தைப் போல 20 மடங்கு.