சிறைக்குள் போகும் கடிதம்

அமெரிக்கச் சிறையில் இருப்பவருக்குக் கடிதம் எழுதும்போது உறையில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கைதி எண்ணும் வேண்டும். ஒரே பெயரில் பலர் இருக்கக்கூடிய இடத்தில் எண்தான் ஆளைக் காட்டும். யார் எந்தச் சிறையில் இருக்கிறார், அவருடைய எண் என்ன என்பதைக் கூட்டாட்சிச் சிறைத் துறையின் இணையதளத்திலும் பெரும்பாலான மாநிலச் சிறைத் துறைகளின் தளங்களிலும் தேடிப் பார்க்கலாம். அனுப்புபவரின் முகவரியும் உறையில் இருக்க வேண்டும். அது இல்லாத கடிதம் பெரும்பாலும் உள்ளே போவதில்லை.

சிறைக்கு வரும் தபாலை அங்குள்ள ஊழியர்கள் பிரித்துச் சோதிப்பார்கள். ஸ்டிக்கர், மினுமினுப்புத் தூள், வாசனைத் திரவியம், உதட்டுச்சாயம் பட்ட தாள் எல்லாம் திருப்பி அனுப்பப்படும். பல சிறைகளில் குழந்தை மெழுகு வண்ணத்தால் வரைந்த படத்துக்கும் இதே கதிதான். தாளைப் போதை திரவத்தில் நனைத்து உலர்த்தி அனுப்புவதும், தபால்தலைக்கு அடியில் மெல்லிய போதை மருந்துப் பட்டையை ஒட்டுவதும் நடந்திருப்பதால் வந்த விதிகள் இவை. 2020 மார்ச்சில் டெக்சஸ் மாநிலம் வாழ்த்து அட்டைகளையே தடை செய்தது. வெள்ளைத் தாளில் நீல அல்லது கறுப்பு மையில் எழுதுவதே நிச்சயமான வழி.

புகைப்படங்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஓர் உறையில் எத்தனை படம், எந்த அளவு என்பது சிறைக்குச் சிறை மாறும். போலராய்டு படத்தின் அடுக்குகளைப் பிரித்து உள்ளே பொருளை ஒளிக்க முடியும் என்பதால் அதைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆடை குறைந்த படங்கள் வராது. விருந்தில் உறவுக்காரப் பையன் விளையாட்டாகக் காட்டும் விரல் சைகைகூட ரவுடிக் கும்பலின் அடையாளமாகக் கருதப்பட்டுப் படம் திரும்பி வரலாம்.

தணிக்கைக்கு எல்லை வகுத்தது 1974இல் உச்ச நீதிமன்றம் அளித்த புரோகுனியர் எதிர் மார்ட்டினஸ் தீர்ப்பு. நிர்வாகத்தைக் குறைகூறுகிறது என்பதற்காக ஒரு கடிதத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் தகவல் தர வேண்டும் என்றது அது. 1989இல் அதே நீதிமன்றம் அந்தக் கண்டிப்பான அளவுகோலைக் கைதி வெளியே அனுப்பும் கடிதங்களோடு நிறுத்திக்கொண்டது. உள்ளே வருபவற்றைப் பொறுத்தவரை விதிக்கு நியாயமான காரணம் இருந்தாலே போதும் என்றானது. குடும்பங்கள் இன்று சந்திக்கும் தடைகளில் பெரும்பகுதி இந்தத் தளர்வின் நிழலில் நிற்பவை.

2018 செப்டம்பரில் பென்சில்வேனியா மாநிலம் காகிதக் கடிதத்தையே விலக்கியது. போதைப் பொருள் பட்டு ஊழியர்கள் நோயுற்றதாகக் கூறி, சிறைகளைப் பல நாள் பூட்டிவைத்த பிறகு எடுத்த முடிவு அது. அதன்பின் குடும்பங்கள் புளோரிடாவில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்கே எழுத வேண்டியிருந்தது. அங்கே கடிதம் ஸ்கேன் செய்யப்படும். கைதியின் கைக்கு நகல்தான் வரும். மூலத்தைச் சில வாரங்கள் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். டெக்சஸும் 2023இல் இந்த முறைக்கு மாறியது. அங்கே கைதிகள் டேப்லெட் திரையில் படிக்கிறார்கள். மகள் அழுத்தி எழுதிய எழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும், தாயின் கையிலிருந்து வந்த தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வதும் இல்லாமல் போயின. இவ்வளவு பெரிய இழப்புக்கு ஈடான பாதுகாப்பு கிடைத்ததா என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கோவிட் காலத்தில் டெக்சஸ் நேரடிச் சந்திப்புகளை நிறுத்தியிருந்தது. தபாலுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அப்போதும் போதைப் பொருள் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. ஊழியர்கள் வழியாகக் கடத்தப்படுவதைக் கடித விதிகளால் தடுக்க முடியாது.

காகிதம் விலகிய இடத்தை மின்செய்தி பிடித்தது. 2002இல் தொடங்கிய, மின்செய்திச் சேவை தரும் ஜேபே நிறுவனத்தை 2015இல் சிறைத் தொலைபேசி நிறுவனமான செக்யூரஸ் வாங்கியது. ஜேபே செயலியில் முன்பணம் கட்டி ‘ஸ்டாம்ப்’ வாங்க வேண்டும். செய்திக்கு ஒன்று, புகைப்படம் இணைத்தால் மேலும் ஒன்று. சில மாநிலங்களில் ஒரு செய்திக்கு ஐம்பது சென்ட் வரை ஆகிறது. சிறை வேலைக்குக் கூலி பெரும்பாலும் மணிக்கு ஒரு டாலரைத் தொடாத நாட்டில் இது சிறு தொகை அல்ல. ஒரு தபால்தலையில் பல பக்கம் போகும். இங்கே பக்கம் கூடினால் பணமும் கூடும்.

கூட்டாட்சிச் சிறைகளில் முறை வேறு. கோர்லிங்ஸ் தளத்தில் குடும்பத்தினர் இலவசமாக எழுதலாம். கைதி கணினியில் செலவிடும் நேரத்துக்கு நிமிடத்துக்கு 5 சென்ட் கட்டுகிறார். ஒரு செய்தி 13,000 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. படம் இணைக்க வழியில்லை, அதற்குத் தபால்தான். எல்லாச் செய்திகளும் கண்காணிப்புக்கு உட்பட்டவை.

சிறையில் இருந்த பேரனுடன் தொலைபேசியில் பேசும் கட்டணம் தாங்காமல் 2000இல் வழக்குத் தொடுத்த பார்வையற்ற மூதாட்டி மார்த்தா ரைட்டின் பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தொலைபேசி, காணொலி அழைப்புகளின் கட்டணத்துக்கு வரம்பு விதிக்க அது வழி செய்தது. மின்செய்திகள் அதில் அடங்கவில்லை. அந்தக் குறையும் தீர்க்கப்பட வேண்டும். கனெக்டிகட் மாநிலம் அழைப்பையும் மின்செய்தியையும் இலவசமாக்கிக் காட்டியிருக்கிறது.

கைதியை வேறு சிறைக்கு மாற்றினால் கடிதம் தேங்கலாம், தொலைந்தும் போகலாம். அதனால் அனுபவமுள்ள குடும்பங்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண் இடுகின்றன. ஏழுக்குப் பின் ஒன்பது வந்தால் எட்டு எங்கே என்று உள்ளே இருப்பவர் கேட்கலாம். ஒரே ஒரு பிரதி உள்ள பழைய படத்தை அனுப்பாமல் அச்செடுத்த நகலை அனுப்புவதும் அவர்கள் கைக்கொள்ளும் வழக்கம்.